தாடை வரைக்கும் தண்ணீர்

நண்பர்களே, டாண்டலைஸ் என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் 'ஆசை காட்டு', 'ஏங்கவை' என்று போட்டிருக்கும். தப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் தாகத்தோடு ஒருவன் நின்றுகொண்டிருக்கிறான், அவனைப் பார்க்காமல் சொல் பிடிபடாது.

அவன் பெயர் டாண்டலஸ். கிரேக்கக் கதைகளில் ஜீயஸின் மகன், இன்றைய துருக்கியில் உள்ள சிபிலஸ் மலைப்பக்கத்து ராஜா. ஹோமரின் ஒடிசியில், 11ஆம் பாகத்தில், இறந்தவர்களின் உலகத்துக்குப் போகும் ஒடிசியஸ் இவனைக் காண்கிறான். தாடை வரைக்கும் தண்ணீர். குடிக்கக் குனிந்தால் போதும், அத்தனை நீரும் வற்றி, காலடியில் கறுத்த மண் தெரியும். தலைக்கு மேலே பேரி, மாதுளை, ஆப்பிள், அத்தி, ஆலிவ் எல்லாம் காய்த்துத் தொங்கும், கையை நீட்டினால் காற்று வந்து கிளைகளை மேகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். அப்புறம் மறுபடி குனிவான், மறுபடி வற்றும்.

என்ன குற்றம் செய்தான் என்று ஹோமர் சொல்வதில்லை. பிற்காலத்தார் சொல்கிறார்கள்: தேவர்களின் பந்தியில் உட்காரும் பேறு பெற்றவன், அவர்களுடைய அமுதைத் திருடித் தன் கூட்டாளிகளுக்குக் கொடுத்தான் என்று ஒரு கதை. பெற்ற மகன் பெலாப்ஸை வெட்டிச் சமைத்துத் தேவர்களுக்கே பரிமாறினான் என்று இன்னொன்று, சொல்லவே நடுங்குகிறது. இரண்டிலும் குற்றம் சாப்பாட்டில்தான், அதனால் தண்டனையும் சாப்பாட்டிலேயே வந்தது.

இந்தப் பெயரிலிருந்து 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் வினைச்சொல் பிறந்தது. நம்மிடம் 'கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை' இருக்கிறதே என்பீர்கள். அது கிட்டத்தட்ட வரும், ஆனால் அதில் பொருள் ஒருமுறை கைக்கு வந்துவிட்டது, போனது விதி. 'ஆசை காட்டி மோசம் செய்வது' என்பதில் பொய் இருக்கிறது. டாண்டலஸுக்கு எதிரே இருப்பது உண்மையான தண்ணீர், யாரும் பொய் சொல்லவில்லை. நாம் எவ்வளவு நெருங்குகிறோமோ அவ்வளவு அது விலகும், ஆனால் கண்ணைவிட்டு மறையாது, அதனால் ஆசையும் விடாது. காசு கொடுத்தால் தட்டில் வந்துவிடும் கேக்குக்கு விளம்பரத்தில் டாண்டலைசிங் என்று எழுதும்போது இந்த வலி முழுக்கக் காணாமல் போகிறது. எனக்கு அது வருத்தம்தான்.

இந்தக் கதையைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஒரு வேதியியலாளர். ஸ்வீடனைச் சேர்ந்த எக்கபெரி 1802இல் ஒரு புதிய உலோகத்தைக் கண்டறிந்தார். அதன் ஆக்சைடை அமிலத்தில் முக்கி எடுத்தாலும் அது கொஞ்சம்கூட அமிலத்தை ஏற்கவில்லை. நீருக்குள் நின்றும் குடிக்க முடியாதவன் நினைவுக்கு வர, டாண்டலம் என்று பெயர் வைத்தார். மின்னணுக் கருவிகளில் மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கும் கெப்பாசிட்டர்கள் சிலவற்றில் இன்று இருப்பது அதே டாண்டலம்தான்.

டாண்டலம் கிடைக்கும் தாதுக்களில் அதோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கவே சிரமமாக இன்னோர் உலோகமும் இருந்தது. 1844இல் ஜெர்மானியர் ஹைன்ரிக் ரோஸ் அதற்கு நையோபியம் என்று பெயரிட்டார். நையோபி டாண்டலஸின் மகள். பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்து அழுது அழுது கல்லாகிப்போனவள். சிபிலஸ் மலையில் அவள்தான் என்று காட்டப்படும் பாறையில் மழைநீர் இன்றும் கசிகிறது.