மறைத்த கர்சரைத் திருப்பிக் கொடுங்கள்

வணக்கம். எழுத்தைப் பெரிதாக்கிவிட்டேன், தெரிகிறதா? டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் திரையில், என் பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடுகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி, திரை முழுக்கக் கொட்டுகிறது. எனக்கு வேண்டியது ஒரே வரி. அதில் மீதமுள்ள எண்ணிக்கை மட்டும் மாறினால் போதும்.

அதற்கு கேரேஜ் ரிட்டர்ன் போதும். கர்சர் அதே வரியின் தொடக்கத்துக்குப் போகும், அடுத்து எழுதுவது பழையதன் மேல் விழும். ஆனால் பாருங்கள், 100க்கு அடுத்து 99 வந்ததும் திரையில் 990! பழைய சுழியம் அழியாமல் நிற்கிறது. டெர்மினல் திரையைக் கட்டுப்படுத்த டிபுட் (tput) என்றொரு கட்டளை உண்டு. அதில் 'டிபுட் ஈஎல்' சேர்க்கிறேன். கர்சரிலிருந்து வரியின் கடைசி வரை துடைத்துவிட்டது.

டெர்மினலுக்கு ஆணையிடும் எஸ்கேப் குறிகளை நேரடியாகவே எழுதலாமே என்பீர்கள். எழுதலாம். 1978இல் வந்த விடி100 முனையத்தின் குறிகளை இன்றைய டெர்மினல்கள் பெரும்பாலும் புரிந்துகொள்கின்றன. ஆனாலும் நான் டிபுட் பக்கம்தான். டெர்மினலின் வகையைச் சொல்லும் டெர்ம் (TERM) மாறியைப் பார்த்து, டெர்மினல் குறிகளின் தொகுப்பான டெர்மின்ஃபோவிலிருந்து உங்கள் டெர்மினலுக்கு உரிய குறியை அதுவே எடுத்துத் தரும். கர்சரை நகர்த்தும் 'டிபுட் கப்' மட்டும் கவனம்: முதலில் வரிசை, பிறகு நெடுவரிசை, இரண்டும் 0இலிருந்து. நேரடிக் குறியில் 1இலிருந்து.

இனி, இந்த வீடியோவை எடுக்க வைத்த விஷயம். எண் மாறும்போது கர்சர் அலைபாயாமலிருக்க 'டிபுட் சிவிஸ்' கொடுத்து மறைத்தேன். பாதியில் கன்ட்ரோல்-சி அழுத்தினேன். ஸ்கிரிப்ட் நின்றது, கர்சர் வரவில்லை! திரும்பக் காட்டும் 'டிபுட் சிநார்ம்' கடைசி வரியில் இருந்தது. அதுவரை ஓடவே இல்லை. நம் ஸ்கிரிப்டை நம்பி ஓட்டுபவரின் திரையை இப்படி விட்டுவிட்டுப் போவது தவறு.

எனவே மறைக்கும் வரிக்கு முன்பே ட்ராப் (trap) வரியை, அதாவது ஸ்கிரிப்ட் நிற்கும்போது எதை ஓட்ட வேண்டும் என்று சொல்லும் வரியை, எழுதுங்கள்: எக்ஸிட் நேரும்போது சிநார்ம். ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல் பாஷ் என்றால், கன்ட்ரோல்-சிக்கும் இதுவே போதும். டாஷ் ஷெல்லில் போதாது, கன்ட்ரோல்-சி அனுப்பும் இன்ட் சிக்னலுக்கும் தனி ட்ராப் வைத்து, அதில் எக்ஸிட் சொல்லுங்கள். 'எஸ்எம்கப்' கொடுத்து மாற்றுத் திரைக்குப் போயிருந்தால், பழைய திரைக்குத் திரும்பும் 'ஆர்எம்கப்' கட்டளையையும் அதே ட்ராப்பில் சேருங்கள்.

கன்ட்ரோல்-சி அழுத்துகிறேன்... வந்துவிட்டது, பார்த்தீர்களா!

ஸ்கிரிப்டை வலுக்கட்டாயமாக நிறுத்தும் கில் -9 கொடுத்தால் எந்த ட்ராப்பும் ஓடாது. அப்போது டிபுட் சிநார்ம் என்று நீங்களே தட்டுங்கள். தட்டுவது திரையிலேயே தெரியவில்லையென்றால், தயங்காமல் 'ரீசெட்' என்று தட்டி என்டர் அழுத்துங்கள்.