மான் சுமந்து வந்த புத்தர்கள்

நண்பர்களே, ஜப்பானிய மரபு ஓவியத்தில் தெய்வங்கள் என்றால் அது பெரிய கடல். இன்று நான் ஒரே ஒரு மானைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நாரா நகரத்துக் கசுகா, 768-ல் எழுந்த ஷிண்டோ ஆலயம். ஷிண்டோ என்பது ஜப்பானின் சொந்தப் பழஞ்சமயம். அதன் முதல் தெய்வம் தகேமிகசுச்சி, கிழக்கே கஷிமாவிலிருந்து வெள்ளை மான் மேல் ஏறி வந்தார் என்பது ஐதிகம். அந்த வருகையைக் காமகுரா காலத்து (சுமார் 1185–1333) ஓவியர்கள் பட்டுத் துணியில் வரைந்தார்கள். ‘கசுகா மான் மண்டலம்’ என்று அதற்குப் பெயர்.

படத்துக்குக் கொஞ்சம் கிட்டப் போவோம். மேகத்தின் மேல் மான் நிற்கிறது. முதுகில் சேணம். சரி, சேணத்தில் யார்? யாரும் இல்லை. ஷிண்டோ வழிபாட்டில் புனிதமான சகாகி மரத்தின் கிளை ஒன்று நட்டு நிற்கிறது. அதன் உச்சியில் முழுநிலா போல ஒரு பொன்வட்டம். அது ஷிண்டோ ஆலயங்களில் தெய்வத்தின் அடையாளமாக வைக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி. சில படங்களில் அந்த வட்டத்துக்குள் ஐந்து சின்ன உருவங்கள் தெரியும். அத்தனையும் பௌத்த உருவங்கள்! கசுகாவின் ஐந்து தெய்வங்களுக்கும் மூல வடிவம் இவர்களே என்பது அக்கால நம்பிக்கை. மூன்றாம் சன்னதிக்கு ஜிசோ, நான்காவதற்குப் பதினொரு முகக் கன்னோன்; இருவரும் பௌத்தத்தின் போதிசத்துவர்கள். ஷிண்டோ தெய்வத்தை உருவமே இல்லாமல் விட்டுவிட்டு, அவருடைய கண்ணாடிக்குள் பௌத்த முகங்களை எழுதியிருக்கிறார் ஓவியர். இரண்டு சமயத்துக்கும் ஒரே இருக்கை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனம் நெகிழ்கிற இடம் இது.

இவை காட்சிக்காக வரைந்தவை அல்ல, கும்பிடுவதற்காக வரைந்தவை. குஜோ கனேசானே என்ற பிரபு 1184-ல் கசுகா ஆலயத்தின் ஓவியத்தைக் கியோத்தோவில் தன் வீட்டிலேயே வைத்து வழிபட்டதை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

அப்புறம் 1868 வந்தது. ஷிண்டோ வேறு, பௌத்தம் வேறு என்று மெய்ஜி அரசு ஆணையிட்டது. கசுகாவோடு பல நூற்றாண்டு ஒட்டி வாழ்ந்த கோஃபுகுஜி என்ற பௌத்த மடத்துத் துறவிகள், காவியைக் களைந்து கசுகாவின் பூசகர்களானார்கள். மடம் வெறிச்சோடியது. அதன் ஐந்தடுக்குக் கோபுரமே விலைக்குப் போனதாகச் சொல்வார்கள். ஆணை போட்டவர்கள் இந்த மானை ஒரு தரம் நின்று பார்த்திருக்கக் கூடாதா!

மடம் பிறகு மீண்டது. இன்றும் ஜனவரி 2 அன்று கோஃபுகுஜி துறவிகள் கசுகாவுக்குப் போய் ஷிண்டோ சன்னதி முன்னால் பௌத்த சூத்திரம் ஓதுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நாரா தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு மான் மண்டலம் உண்டு. வெளிச்சம் பட்டால் பட்டு கெடும் என்பதால் எப்போதும் மாட்டி வைத்திருக்க மாட்டார்கள்; விசாரித்துக்கொண்டு போங்கள்.