இரண்டடிச் சங்கிலி

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த கோடைக்காலப் பட்டிமன்றம். தலைப்பு: ‘கோடை வெயில் மனிதர்களைப் பிரிக்கிறதா, சேர்க்கிறதா?’ இது ‘சேர்க்கிறது’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணியினருக்கும், இந்தப் புழுக்கத்திலும் அழைப்பிதழையே விசிறியாக்கி உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். எட்டு நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் திருப்பாப்புலியூர்க்காரி. ஏட்டில் திருப்பாதிரிப்புலியூர். எங்கள் பாடலீசுவரர் கோயில் தலமரம் பாதிரி. அது எப்போது பூக்கும்? வேனிலில். ‘வேனிற் பாதிரி’ என்றுதான் சங்கப் புலவர்களும் சொல்லி வைத்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் காயும்போது பூக்கிற மரத்தின் பேரை ஊருக்கே வைத்துக்கொண்டிருக்கிறோம். எங்களிடம் வந்து வெயில் மனுஷனைக் கெடுக்கிறது என்றால் ஒப்புக்கொள்வோமா?

எதிரணி அண்ணன் செய்தித்தாளும் கையுமாக வந்தார். ‘பத்து ஊர்களில் வெயில் சதம்’ என்ற தலைப்பைத் தூக்கிக் காட்டி, “சதம் அடித்தது வெயில், அவுட் ஆனது மனிதாபிமானம்” என்று கைதட்டல் வாங்கினார். குழாயடிச் சண்டை என்றார், சிக்னலில் ஒருவனை ஒருவன் முறைக்கிறான் என்றார். அண்ணே, சிக்னல் என்று சொன்னீர்களே, பக்கத்தில் புதுச்சேரிக்குப் போங்கள். 2024 மே மாதம் அங்கே பொதுப்பணித் துறை சிக்னல்களில் சாலைக்கு மேலே பச்சை வலையைக் கட்டியது. நாற்றங்காலில் செடிகளுக்கு நிழலுக்காகப் போடுவார்களே, அந்த வலைதான். அந்த வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. நான் அதன் கீழே நின்றிருக்கிறேன். சரியாகச் சொன்னால், என் வண்டி வலைக்கு வெளியே நின்றது. முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்தார், தன் ஸ்கூட்டரைக் காலால் உந்தி இரண்டடி முன்னே நகர்த்தினார், “வாம்மா, உள்ள வந்து நில்லு” என்றார். யாரென்றே தெரியாது. சிவப்பு விளக்கு மாறுகிற வரைக்கும் அவர் எனக்குச் சொந்தக்காரர்.

ஒரு வீட்டு ஏசி பக்கத்து வீட்டைச் சுடுகிறது என்று அண்ணன் சொன்னதை மறுக்க மாட்டேன். அறைக்குள் இருக்கிற சூட்டை எடுத்து வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை, தள்ளுகிற இடம் பக்கத்து வீட்டு ஜன்னலாக இருந்தால் கஷ்டம்தான். ஆனால் கரண்ட் போகட்டும், பார்க்கலாம். அந்த வீட்டுக்காரரும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவுக்குத்தான் வருவார். மேல்காத்து நின்று கடல்காத்து திரும்பும் அந்த நிமிடம் கடலோரத்துக்காரர்களான நமக்குத் தெரியும். “காத்து வந்துடுச்சு!” என்று ஒரு வீட்டில் குரல் கேட்டால், தெருவே வாசலுக்கு வந்துவிடும்.

அப்புறம் வடலூர். 1867 மே 23, கத்திரி வெயில் காலம். நிழல் தேடி எல்லோரும் ஒதுங்குகிற அந்த நாளில்தான் வள்ளலார் தருமச்சாலையில் அடுப்பு மூட்டினார். பசித்தவனுக்காக மூட்டிய அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. இதைப் பற்றியே பேச நாலு பக்கம் எழுதி வந்தேன். அதை மடித்து வைக்க வேண்டியதாகிவிட்டது, ஏனென்றால் அண்ணன் கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார்.

“தண்ணீர்ப் பந்தல் வைக்கிறார்கள், சரி. டம்ளரை எதற்குச் சங்கிலியால் கட்டி வைக்கிறார்கள்? தண்ணீர் தருகிறவனே குடிக்கிறவனை நம்பவில்லை. அந்தச் சங்கிலிதான் என் கட்சிக்குச் சாட்சி” என்றார். நீங்களும் தட்டினீர்கள். எனக்குச் சுருக்கென்றது நடுவர் அவர்களே, ஏனென்றால் அந்தச் சங்கிலி எங்கள் வீட்டில் இருந்தது.

2010 சித்திரை. நான் பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். அம்மா திண்ணையில் மணலைக் கொட்டி, அதன் மேல் மண்பானையை வைத்து, ஈரத்துணி சுற்றி வைப்பார். மேலே மரத்தட்டு, தட்டின் மேல் எவர்சில்வர் டம்ளர். என் தாத்தா பேர் வெட்டிய டம்ளர். முதல் வாரம் ஒரு டம்ளர் காணோம். இன்னொன்று வைத்தோம். அதையும் காணோம். மூன்றாவதும் போன அன்று அப்பா பேசாமல் சைக்கிளை எடுத்தார். ஹார்டுவேர் கடையிலிருந்து திரும்பும்போது கையில் சங்கிலி. இரண்டடி. டம்ளரில் ஓட்டை போட்டு, வளையம் மாட்டி, ஜன்னல் கம்பியில் கட்டினார். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “கோயில் உண்டியலாட்டம் இருக்கு” என்று ஒரு வார்த்தை சொன்னதோடு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் உச்சிவேளை. ஜன்னலுக்குப் பின்னால் நான். ஒரு அக்கா வந்தார். தலையில் சும்மாடு, முழங்கை வரைக்கும் சிமெண்ட். தெருவில் சாக்கடை கட்டுகிற வேலைக்கு வந்தவர். டம்ளரில் மொண்டார், குடிக்கவில்லை. திரும்பி நடந்தார். சங்கிலி இழுத்தது. நின்றார். என்னவென்று புரியாமல் இன்னொரு தரம் இழுத்தார். சங்கிலியைப் பார்த்தார். ஜன்னல் கம்பியைப் பார்த்தார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை, கோபமில்லை, தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டது போல ஒரு பார்வை.

அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? முந்தானை நுனியை டம்ளருக்குள் விட்டார். ஊற விட்டார். சொட்டச் சொட்ட இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். எதிரே புங்க மரம், கிளையில் தூளி, தூளியில் ஒரு குழந்தை. முந்தானையைப் பிழிந்து அதன் உதட்டில் விட்டார். சொட்டுச் சொட்டாக. மரத்தடியில் ஒரு செங்கல் மேல், சிமெண்ட் தூசி படாமல் காகிதம் போட்டு மூடி, மூன்று டம்ளர். தாத்தா பேர் போட்ட மூன்று டம்ளர்.

“வேலை முடியிற அன்னிக்கு கழுவிக் கொண்டாந்து வச்சிரலாம்னு இருந்தேன் பாப்பா” என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்ச் சங்கிலியைக் கழற்றிவிட்டுத்தான் மறுபடி இலைக்கு வந்தார். சாயங்காலம் பானையின் பக்கத்தில் ஒரு சொம்பும் வந்து உட்கார்ந்தது, எடுத்துப் போகிறவர்களுக்கு.

அண்ணே, சங்கிலி போட்டதும் மனிதன்தான். நீங்கள் அதோடு நிறுத்திக்கொண்டீர்கள். கழற்றிய கையை நான் பார்த்தேன். போடும்போது அப்பாவுக்கு அந்தத் தூளி தெரியாது, தெரிந்த பிறகு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

நடுவர் மணியடிக்கிறார். ஒரு நிமிடம் கொடுங்கள் ஐயா.

2011 டிசம்பர் 30. தானே புயல். நம் ஊரில் யாருக்கும் தேதி சொல்லித் தர வேண்டியதில்லை. பண்ருட்டியில் பலா விழுந்தது, முந்திரி விழுந்தது, எங்கள் தெருவில் அந்தப் புங்க மரமும் விழுந்தது. அடுத்து வந்த கோடைதான் நான் பார்த்ததிலேயே கொடிய கோடை. அண்ணாந்து பார்த்தால் ஓர் இலை கிடையாது. அந்தச் சித்திரையில், மரம் இருந்த இடத்தில் அப்பா நாலு கழி நட்டு, கீற்று போட்டு, பானையை அங்கேயே கொண்டுபோய் வைத்தார். எதிர்வீட்டுக்காரர் பெஞ்சு கொடுத்தார். அம்மா தினமும் ஐந்தரை மணிக்குத் தண்ணீர் ஊற்றுவார், வெட்டிவேரை ஒரு துணியில் முடிந்து உள்ளே போடுவார்.

அம்மா போய் மூன்று வருடமாகிறது. இரண்டு பங்குனி அந்த இடம் வெறுமனே கிடந்தது. எங்களில் யாருக்கும் பானையைத் தொட மனது வரவில்லை. இந்த வருடம் ஒருநாள், குப்பை வண்டி தள்ளுகிற அம்மா வாசலில் நின்று, “பெரியம்மா பானை எங்க பாப்பா?” என்று கேட்டார். அன்றைக்கே அப்பா மணல் வாங்கி வந்தார். அதே மரத்தட்டு, அதே மூன்று டம்ளர். ஓட்டை போட்ட நாலாவதில் துளசி நட்டிருக்கிறோம்.

தீர்ப்பை நீங்கள் நிதானமாகச் சொல்லுங்கள் ஐயா. அப்பா இந்நேரம் பானையைக் கழுவிக் கவிழ்த்திருப்பார். விடிந்தால் ஐந்தரைக்கு நான் நிரப்ப வேண்டும். வணக்கம்.