ஹோம்புஷ் பொடியன்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைய தலைப்பை அறிவித்தபோது முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தூள் கடத்திப் பிடிபட்டவனுக்காகவும் ஒரு கூட்டமா என்ற பார்வை. எனக்கு அது பழக்கம்தான்.

2015 ஏப்ரல் கடைசி. சிட்னியின் ஹோம்புஷில் ஒரு மரக்கறிக் கடையில் முருங்கைக்காய்க் கட்டோடு வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் நின்ற அக்கா சொன்னார்: “வளர்ப்புச் சரியில்லை. எங்கட பேரையும் சேர்த்துக் கெடுத்துப்போட்டான்.” பின்னால் நின்ற அண்ணன் விடவில்லை: “வெள்ளைக்காரப் பொடியன் எண்டால் இந்நேரம் வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பாங்கள்.” காசு வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை தலை நிமிரவேயில்லை. அந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். இன்றைக்கும் முழுதாக வெளியே வரவில்லை.

அவர்கள் பேசியது, போதைத்தூள் கடத்தியதற்காக இந்தோனேசியாவில் மரணதண்டனையாகச் சுடப்பட்ட மயூரன் சுகுமாரனைப் பற்றி. இலங்கைத் தமிழ்க் குடும்பம், பிறந்தது லண்டனில், படித்தது இங்கே ஹோம்புஷ் ஆண்கள் உயர்பள்ளியில். அவரோடு சுடப்பட்ட அன்ட்ரூ சானும் அதே பள்ளிக்கூடம். 2005 ஏப்ரல் 17ஆம் தேதி பாலியில் பிடிபட்டார்கள். அன்றைக்கு மயூரனுக்கு 24ஆவது பிறந்தநாள். நான்கு பேர் உடம்பில் ஹெரோயினைச் சுற்றிக் கட்டிக்கொண்டு டென்பசார் விமான நிலையத்துக்குப் போனார்கள். சான் விமானத்தில் இருந்தார், கையில் ஒன்றுமில்லை. மயூரனும் இன்னும் மூன்று பேரும் கூட்டா கடற்கரையில் ஒரு ஹோட்டல் அறையில். மொத்தம் 8.3 கிலோ.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மயூரன் பொதி சுமந்த அப்பாவி இல்லை. ஒழுங்கு செய்தவர்களில் ஒருவர் என்றுதான் நீதிமன்றம் தீர்மானித்தது. சுமந்தவர்களை மிரட்டினார் என்றும் சாட்சியம் இருந்தது. அந்தத் தூள் வந்து சேரவிருந்ததும் சிட்னிக்குத்தான். தொண்ணூறுகளில் கப்ரமட்டா ரயில் நிலையத்தடியில் ஊசியோடு சரிந்து கிடந்த பிள்ளைகளை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். ஆகவே “பாவம், ஒன்றும் தெரியாத பொடியன்” என்று யாராவது தொடங்கினால் நான் அந்தப் பக்கம் இல்லை.

ஆனால் இரக்கத்துக்கு “ஒன்றும் தெரியாதவன்” என்ற சான்றிதழ் வேண்டும் என்று யார் சொன்னது? இந்த நாடு அப்படித்தான் பழகியிருக்கிறது. இவர்கள் பிடிபடுவதற்கு ஆறு மாதம் முன்னால் நடந்ததைப் பாருங்கள். 2004 அக்டோபரில் ஷாப்பெல் கோர்பி அதே டென்பசாரில் பிடிபட்டார். அலைப்பலகைப் பைக்குள் நான்கு கிலோவுக்கு மேல் கஞ்சா. நான் வைக்கவில்லை என்றார், இன்றுவரை அதையே சொல்கிறார். 2005 மே மாதம் 20 ஆண்டு என்று தீர்ப்பு வந்ததை இங்கே தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டினார்கள். சனம் வேலையை விட்டுவிட்டுப் பார்த்து அழுதது. சுனாமிக்குக் கொடுத்த காசைத் திருப்பித் தா என்றுகூடச் சிலர் கேட்டார்கள். நீலக் கண், கலங்கிய முகம், குற்றமற்றவள் என்ற நம்பிக்கை. மயூரனோடு பிடிபட்ட மொத்தம் ஒன்பது பேருக்கு அப்படி யார் அழுதார்கள்? உடம்பில் கட்டியிருந்ததைப் படம்பிடித்துக் காட்டிய பிறகு, யாரோ பையில் போட்டுவிட்டார்கள் என்று சொல்லவும் வழியில்லை. கடை வரிசையில் நின்ற அந்த அண்ணன் சொன்னதில் பாதி உண்மை இங்கே இருக்கிறது. பாதிதான். ஒன்பது பேரில் நாலைந்து பேர் வெள்ளைக்காரர். அவர்களையும் யாரும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

அவர்களில் ஒருவர் ஸ்கொட் ரஷ், வயது 19. இந்த வழக்கில் என் நித்திரையைக் கெடுப்பது அவருடைய தகப்பனின் கதை. மகன் பாலிக்குப் போகிறான், ஏதோ பிழையாக இருக்கிறது என்று தகப்பனுக்குப் பொறி தட்டியது. தெரிந்த வழக்கறிஞர் மூலம் மத்திய பொலிசுக்குச் சொன்னார், மகனைப் போகவிடாமல் மறியுங்கள் என்று. மறிக்கவில்லை. அதற்கிடையில் அவுஸ்திரேலிய பொலிஸ் பெயர்களையும் பயண விபரங்களையும் எழுதி இந்தோனேசிய பொலிசுக்கு அனுப்பியது. அங்கே சுட்டுக்கொல்லும் தண்டனை இருக்கிறது என்று தெரிந்தே அனுப்பியது. 2006இல் நீதிமன்றம் இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்றது. சரி, சட்டப்படி பிழை இல்லை. பெற்ற பிள்ளையைக் காப்பாற்றச் சொன்ன மனிதன், அதே பிள்ளைக்கு மேல்முறையீட்டில் மரணதண்டனை விழுந்ததைக் கேட்டான். 2011இல்தான் அது ஆயுள்தண்டனையாகக் குறைந்தது.

இந்த நாட்டில் கடைசியாக ஒருவரைத் தூக்கில் போட்டது 1967இல், மெல்பேர்ணில். அதற்குப் பிறகு நாங்கள் கையைக் கழுவிவிட்டோம். வேறு ஒருவரின் கயிறு, வேறு ஒருவரின் துவக்கு என்றால் கடிதம் எழுதிக் கொடுப்பதில் தயக்கமில்லை.

2015இல் மயூரனுக்கும் சானுக்கும் மன்னிப்புக் கேட்கப்போன எங்கள் அரசாங்கம் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். பிரதமர் அபொட், சுனாமிக்கு நாங்கள் நூறு கோடி டொலர் தந்தோமே என்று இந்தோனேசியாவுக்கு நினைவூட்டினார். செய்ததைச் சொல்லிக்காட்டி உயிர்ப்பிச்சை கேட்பதா? அங்கே சனம் உண்டியல் வைத்துச் சில்லறை சேர்த்தது, அவுஸ்திரேலியாவுக்குத் திருப்பிக் கொடுக்க.

ஏப்ரல் 29 நள்ளிரவு தாண்டி, நுசகம்பங்கான் தீவில் எட்டுப் பேரைச் சுட்டார்கள். கண்ணைக் கட்ட வேண்டாம் என்று மறுத்துப் பாடிக்கொண்டே நின்றார்களாம். நாங்கள் மெழுகுதிரி ஏற்றியது இரண்டு பேருக்கு. மற்ற ஆறு பேர்? ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்கள் நாலு பேர். பிரேசில் நாட்டவர் ஒருவர், மனநோயாளி என்று குடும்பம் கடைசிவரை மன்றாடியது. இன்னொருவர் இந்தோனேசியரே, கஞ்சா வழக்கு. அவருக்காக எந்த நாட்டுத் தூதுவரும் வாசலில் நிற்கவில்லை. ஒன்பதாவதாக நிற்கவேண்டிய பிலிப்பீன்ஸ் பெண் மேரி ஜேன் வெலோசோ கடைசி மணித்தியாலங்களில் தப்பினார். அவரை ஏமாற்றி அனுப்பியதாகச் சொல்லப்பட்ட பெண் ஊரில் சரணடைந்ததுதான் காரணம். ஒரு நாள் பிந்தியிருந்தால்?

எங்கள் பக்கமும் கணக்கு அப்படித்தான். மலேசியாவின் ஈப்போப் பொடியன் நாகேந்திரன் தர்மலிங்கம் 2009இல் தொடையில் 42.72 கிராம் ஹெரோயினைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூருக்குள் நுழைந்தார். ஒரு கைப்பிடிகூட வராது. அங்கே 15 கிராம் தாண்டினால் தூக்கு. அறிவுத்திறன் அளவு 69 என்று சொன்ன மருத்துவரையும் நீதிமன்றம் கேட்டது, 2022 ஏப்ரலில் தூக்கிலும் போட்டது. அந்தப் பதின்மூன்று வருடத்தில் நாங்கள் எத்தனை பட்டிமன்றம் நடத்தினோம், அவர் பெயரை எந்த மேடையில் சொன்னோம்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். கடைசி ஆறு மாதத்தில்தான் எனக்கே தெரியும்.

பாலி வழக்கில் இன்னும் சிறையில் மிச்சமிருந்த ஐந்து பேர் 2024 டிசம்பரில் திரும்பி வந்தார்கள். 19 வயதில் போன ஸ்கொட் ரஷ் 39 வயதில் வந்தார். அன்றைக்கு வானொலியில் ஒருவர் கேட்டார், இவர்களுக்கு எங்கள் வரிப்பணத்தில் விமானமா என்று. இருபது வருடம் போதாதென்றால் எவ்வளவு போதும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

நேரம் முடிகிறது என்று தலைவர் துண்டு தருகிறார். ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு இறங்குகிறேன். மயூரன் பாலியின் கெரோபோக்கான் சிறையில் ஓவியம் பழகினார், மற்றக் கைதிகளுக்கும் ஒரு ஓவியக் கூடம் அமைத்தார். 2017 ஜனவரியில் கம்பெல்டவுனில் அந்த ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். நானும் போனேன். சுவர் நிறையத் தன் முகம், திரும்பத் திரும்பத் தன் முகம், தடித்த எண்ணெய் வர்ணத்தில். கருணை மறுத்த ஜனாதிபதியையும் வரைந்திருந்தார். அந்தப் படத்தின் பின்னால் “மனிதர் மாறலாம்” என்று எழுதியிருந்ததைப் பத்திரிகையில் படித்த ஞாபகம் வந்தது.

அந்த முகங்களுக்கு முன்னால் வயதான தமிழ்த் தம்பதி நின்றார்கள். ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இவன் ஆற்ற பொடியன்?” என்று கேட்டார். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: “ஆற்ற எண்டு தெரியேல்லை. எங்கட ஹோம்புஷிலதான் படிச்சவனாம்.”

நன்றி, வணக்கம்.