நடுத்தெருவில் நவீன சிற்பம்

நேயர்களுக்கு வணக்கம்.

கொல்கத்தா துர்கா பூஜையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன், ஆனால் பக்தியைப் பற்றி இல்லை, தெருவைப் பற்றி. ஓவியக் கண்காட்சி என்றால் நம்மில் எத்தனை பேர் உள்ளே போகிறோம்? கண்ணாடிக் கதவையும் வாசலில் நிற்கும் காவலாளியையும் பார்த்ததுமே இது நமக்கான இடமில்லை என்று ஒதுங்கிவிடுகிறோம். கொல்கத்தாவில் பூஜை நாட்களில் காய்கறி விற்பவரும் ரிக்‌ஷா ஓட்டுபவரும் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நள்ளிரவு தாண்டியும் வரிசையில் நின்று பார்ப்பது அசல் நவீன சிற்பத்தை.

முன்பு இந்தப் பூஜை ஜமீன்தார் வீட்டுச் சமாச்சாரம், அழைப்பு இருந்தால்தான் உள்ளே போகலாம். ஹூக்ளி மாவட்டம் குப்திபாராவில் பன்னிரண்டு நண்பர்கள் சேர்ந்து ஊரில் வசூல் செய்து தாங்களே பூஜை நடத்தினார்கள் என்றும், பொதுப் பூஜை அங்கிருந்துதான் கிளம்பியது என்றும் சொல்வார்கள். நம் கிராமத்துத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிறோமே, அதே கதைதான். வரி கொடுத்தவருக்கு, “அம்மன் முகம் இப்படியா இருக்கும்?” என்று கமிட்டிக்காரரை நிறுத்திக் கேட்கிற உரிமை உண்டு. கலைஞர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். எந்த அருங்காட்சியகத்திலும் இது நடக்காது.

2020ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கில் கூலித் தொழிலாளர்கள் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் நடந்தே ஊர் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு பேஹாலா பகுதியின் பாரிஷா கிளப் பந்தலில் சிற்பி பல்லப் பௌமிக் வடித்த துர்கை அப்படி நடந்துபோகிற ஒரு தாய். சட்டையில்லாத குழந்தை கையில், கூடவே நடந்துவரும் மற்ற பிள்ளைகள். கொரோனா காரணமாகப் பந்தலுக்குள் பார்வையாளர் போகக்கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது, ஆனாலும் அந்தத் தாயின் படம் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. இதே சிலையை ஒரு கலைக்கூடத்தில் வைத்திருந்தால் நல்ல சிற்பம் என்று பாராட்டிவிட்டு நகர்ந்திருப்போம். சாமி இருக்க வேண்டிய இடத்தில் அவள் நின்றதால்தான் பார்த்தவர்களுக்கு நெஞ்சு அடைத்தது. சடங்குதான் அந்தக் கலைக்கு அவ்வளவு பலம் கொடுத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம், 2021 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தப் பூஜையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சந்தோஷம்தான். ஆனால் விளம்பரப் பணம் பெருகப் பெருக, வீட்டு ஜன்னலையே மறைத்துக்கொண்டு பலகைகள் எழுகின்றன, பந்தலுக்குப் பந்தல் பரிசுப் போட்டி வேறு. கொல்கத்தாவில் சாமி சிலை செய்பவர்களின் பகுதியான குமார்துலியில் மூங்கில் சட்டத்தில் வைக்கோலை இறுக்கிக் கட்டி, களிமண் பூசி, காயவைத்து, வெடிப்பு விழுந்த இடத்தில் மறுபடி மண் தடவுகிற கைகளை யார் கேட்கிறார்கள்? பந்தலின் கருத்தை யோசித்த கலைஞர் பெயர் முகப்பில் பெரிதாக இருக்கிறது, இருக்கட்டும். மூங்கில் கட்டியவர், மண் பிசைந்தவர், கிராமத்திலிருந்து வந்து டாக் மேளம் அடிப்பவர், இவர்கள் பெயரையும் அதே பலகையில் அதே அளவு எழுத்தில் போடுங்கள் என்று கமிட்டிகளைக் கேட்டுக்கொள்கிறேன். நம்மூர்த் திருவிழாக் கமிட்டிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நன்றி, வணக்கம்.