உழைப்பவர் தட்டு கெடுவது பழக்கத்தால்தான்

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் இருக்கும் அண்ணன், அக்காமார்களுக்கும், வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் திருப்பூர் மக்களுக்கும் என் வணக்கம்.

உழைக்கும் மக்களின் உணவு கெடுவதற்குப் பெரிதும் காரணம் நேரமின்மையா, பழக்கமா? இதுதான் இன்றைய கேள்வி. பழக்கமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "காலை எட்டரைக்கு பனியன் கம்பெனிக்குள் போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருகிறோம். ஒன்றரை ஷிப்ட் முடித்தவன் எங்கே கீரை ஆய்வது?" என்று கேட்டார். கைதட்டல் விழுந்தது. நானும் தட்டினேன். ஒரு மனிதனுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை அதிகம். அதைக் குறைக்கச் சொல்லி எந்த மேடை போட்டாலும் அண்ணனுக்குப் பக்கத்தில் நானும் நிற்பேன். ஆனால் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ளேயும் நாம் சாப்பிடுகிறோம், குடிக்கிறோம். அங்கே நம் கை எதை எடுக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

பதினோரு மணி டீ டயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மணி அடித்ததும் கட்டிங், செக்கிங், அயர்னிங் எல்லாரும் டீக்கடைக்கு ஓடுகிறோம். கண்ணாடிப் பெட்டிக்குள் பஜ்ஜி, போண்டா, தேங்காய் பன், பப்ஸ். பக்கத்திலேயே பூவன் தார் தொங்குகிறது. ஒரு பாத்திரத்தில் அவித்த முட்டை இருக்கிறது. சில கடைகளில் சுண்டலும் உண்டு. நின்று சாப்பிட ஆகும் நேரம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். முட்டை உரிக்க ஆகும் அரை நிமிடம், பஜ்ஜி ஆறுவதற்கு ஊதும் நேரத்தைவிடக் குறைவு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு கைப்பிடி நிலக்கடலையிலும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கிறது. அறுபது கிலோ எடையுள்ள ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். கை ஏன் பஜ்ஜிக்குப் போகிறது? நேற்றும் அங்கேதான் போனது, அதனால் போகிறது.

அந்த டீயையும் பார்ப்போம். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று, ஓவர்டைம் இருந்தால் இன்னொன்று. நாலு டீ என்றால் கிட்டத்தட்ட 40 கிராம் சர்க்கரை. ஒரு நாளுக்கு இப்படிச் சேர்க்கும் சர்க்கரையைச் சுமார் 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பன்னும் பிஸ்கட்டும் கணக்கில் வராமலே நாம் தாண்டிவிடுகிறோம். நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023-ல் சொன்னது. "மாஸ்டர், சர்க்கரை கம்மி" என்று சொல்ல எந்த ஷிப்ட்டும் தடையில்லை.

இன்னொன்று. மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் சூடாக ஒரு டீ. நம் ஊரில் இது சட்டம் மாதிரி நடக்கிறது. கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் டீக்குத் துவர்ப்பைக் கொடுக்கும் டானின் பிடித்துக்கொள்கிறது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி வேண்டாம் என்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மெஷினில் உட்கார்ந்திருக்கும் நம் தங்கைகளில் பாதிப் பேர்! அந்த டீயைத் தள்ளிப்போடுங்கள், அதற்குப் பதில் ஒரு கொய்யாத்துண்டோ நெல்லிக்காயோ கடித்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி இரும்பைச் சேர்த்துக் கொடுக்கும்.

சாப்பாட்டு டப்பாவுக்கு வருகிறேன். ஒரு மணிக்கு வரிசையாக உட்கார்ந்து திறக்கிறோம். ஒரு டப்பாவில் தக்காளி சாதம் மூடியில் ஒட்டும் அளவுக்கு அழுத்தி நிரப்பியிருக்கிறது. ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவல் நாலு துண்டு, கூடவே பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட். பக்கத்து டப்பாவில் அதே தக்காளி சாதம்தான், ஆனால் பாதி டப்பாவுக்கு. மீதிப் பாதியில் பீன்ஸ் பொரியலும், பச்சைப்பயறு கடைந்ததும். இரண்டும் காலையில் ஒரே நேரத்துக்குக் கட்டிய டப்பாதான். நாம் சாப்பிடும் மொத்தச் சக்தியில் 45 சதவீதத்துக்கு மேல் அரிசி, கோதுமை போன்ற தானியத்திலிருந்து வரக் கூடாது, தட்டில் பாதி காயும் கீரையும் பழமுமாக இருக்க வேண்டும் என்கிறது நான் முன்னே சொன்ன அதே வழிகாட்டி. நம் டப்பாவில் சோறு மலையாக இருக்கிறது, காய் தொட்டுக்கொள்ள இருக்கிறது. சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்ட நேரம் கேட்கவில்லை, மனசு கேட்கிறது. "வயிறு நிறைய வேண்டாமா?" என்பார்கள். பருப்பும் பயறும் நிறைத்த வயிறு நாலு மணி வரைக்கும் தாங்கும். வெறும் சோறு மூன்று மணிக்கே கண்ணைச் சொக்கவைக்கும். மெஷினில் ஊசிக்குப் பக்கத்தில் விரல் வைத்திருப்பவர்களுக்கு அது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எதிரணித் தம்பி ஒருவர், "அந்தக் காலத்தில் நேரம் இருந்தது, கம்பும் ராகியும் சாப்பிட்டார்கள்" என்றார். கொங்கு நாட்டில் விடியும் முன்னே மாடு பூட்டிக் கமலையில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கப் போன ஆளுக்கு நேரம் இருந்ததா? பகலெல்லாம் காட்டு வேலை செய்துவிட்டு வந்து உரலில் கம்பு இடித்த அம்மாவுக்கு நேரம் இருந்ததா? நம்மைவிட ஓடியவர்கள் அவர்கள். ராத்திரி கரைத்து வைத்த கூழ் அவர்கள் தூங்கும்போது புளித்துத் தயாரானது. இன்றைக்கும் கொள்ளையோ பச்சைப்பயறையோ இரவு தண்ணீரில் போட நமக்கு ஆவது ஒரு நிமிடம். மீதி எட்டு மணி நேரம் அது தானாக ஊறுகிறது. கொள்ளில் நூறு கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம். ராகியில் நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். இதெல்லாம் நம் மளிகைக் கடையிலேயே மூட்டையாக இருக்கிறது.

அரிசிம்பருப்பு சாதத்தை விட்டுவிட்டு எங்கே போவது? அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய், ஒரு தக்காளி. தாளித்துக் குக்கரில் போட்டால் மூன்று விசில். பரோட்டாக் கடையில் பார்சலுக்கு நிற்கும் நேரத்தில் இது இறங்கிவிடும். ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் பருப்பு போடுங்கள், மூடும் முன் ஒரு கை முருங்கைக்கீரை உருவிப் போடுங்கள். புரதம் என்பது அமினோ அமிலங்கள் சேர்ந்தது; அரிசியில் குறையும் அமினோ அமிலத்தைப் பருப்பு கொடுக்கும், பருப்பில் குறைவதை அரிசி கொடுக்கும். ஒரே பாத்திரத்தில் முழுச் சாப்பாடு.

இனி எதிரணி அக்கா சொன்னதற்கு வருகிறேன். இந்த மேடையில் என்னை அசைத்த பேச்சு அதுதான். "நாலரைக்கு எழுகிறேன், நின்றுகொண்டே சாப்பிடுகிறேன், எனக்கு எங்கே நேரம்?" என்றார். அக்கா, உங்களுக்கு நேரமில்லை என்பது முழு உண்மை. ஆனால் உங்கள் வீட்டில் நேரம் இல்லையா?

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் சராசரியாக ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். வித்தியாசம் மூன்று மணி நேரத்துக்கு மேல்! அக்கா சொன்ன நேரமின்மை இங்கேதான் பிறக்கிறது. அடுப்படி ஒருவர் தலையில் என்று நாம் பழகிவிட்டோம். நம் ஊர் லைனில் ஒரே ஆள் கட்டிங் செய்து, ஓவர்லாக் அடித்து, செக்கிங் பார்த்து, அயர்ன் செய்து, பேக்கிங்கும் போட்டால் சரக்கு என்றைக்குப் போய்ச் சேரும்? கம்பெனியில் நமக்குப் புரிவது வீட்டு வாசலைத் தாண்டியதும் ஏன் மறந்துபோகிறது?

என் வீதியில் ஒரு வீடு. கணவன் மனைவி இருவரும் டெய்லர்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் ஞாயிறு காலை கணவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உழவர் சந்தைக்குப் போகிறார். வந்ததும் தரையில் பேப்பர் விரிக்கிறார்கள். மகன் பீன்ஸ் நார் எடுக்கிறான். மகள் முருங்கைக்கீரை உருவுகிறாள். அவர் சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டு வைத்து, ஊறியதும் தோலை நீக்கி டப்பாவில் அடைக்கிறார். பக்கத்தில் கிரைண்டரில் மாவு ஓடுகிறது. பத்து மணிக்கெல்லாம் நாலைந்து நாளைக்கான பாதி வேலை முடிந்துவிடுகிறது. திங்கட்கிழமை காலை அந்தத் தங்கை எடுத்துத் தாளித்தால் போதும். அந்த வீட்டில் ஷிப்ட் குறையவில்லை, சம்பளமும் கூடவில்லை. ஆனால் அந்தத் தங்கை இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

"குடும்பம் இருப்பவர்களுக்குச் சரி, ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள்?" என்று அண்ணன் கேட்பார். அதே வீதியில் பீகார் தம்பிகள் ஒரு ரூமில் இருக்கிறார்கள். நம் ஷிப்ட்தான் அவர்களுக்கும். முறை வைத்துச் சமைக்கிறார்கள்: சோறு, பருப்பு, உருளைக்கிழங்கோடு ஏதாவது ஒரு காய். அவசரமான காலையில் வறுத்த கொண்டைக்கடலையை அரைத்த மாவை, அவர்கள் பாஷையில் அதற்குப் பெயரே 'சத்து', தண்ணீரில் கரைத்து வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சை, உப்புப் போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். இரண்டு நிமிட வேலை. ஊரைவிட்டு வந்தவர்கள் ஊர்ப் பழக்கத்தை விடவில்லை. பக்கத்து ரூமில் நம் பையன்கள் இரவு பத்தரைக்குப் பரோட்டா சால்னா தின்றுவிட்டுப் படுக்கிறார்கள். இருவருக்கும் ஒரே கடிகாரம்தான்.

காலை உணவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இன்று அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சாம்பாரோடு கொடுக்கிறது. அம்மாவின் காலை வேலையில் ஒரு பங்கை அரசே எடுத்துக்கொண்டது. அந்த நேரத்தில் அம்மா சாப்பிடுகிறாரா? பல வீடுகளில் இல்லை. வெறும் டீயோடு கம்பெனி பஸ் ஏறுகிறார். எல்லாரும் தின்ற பிறகு மிஞ்சினால் தின்பது என்று தலைமுறையாகப் பழகிப்போனதன் விளைவு இது. நேரத்தைக் கொடுத்தும் மாறவில்லை என்றால் குற்றவாளி நேரமா, நடுவர் அவர்களே?

ஒரு விஷயத்தை மட்டும் எந்த அணியின் கணக்கிலும் சேர்க்க மாட்டேன். கழிப்பறைக்குப் போக விடுவதில்லை என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும் கல்லும் வந்து அவதிப்படுகிறார்கள். அது அவர்களுடைய பழக்கமுமில்லை, நேரமுமில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேலை கொடுப்பவர்கள். இதில் இரண்டு அணியும் ஒரே குரலில் பேசுவோம்.

உடற்பயிற்சிக்கு ஜிம் போக நேரமில்லை என்று ஒரு வாதம் வந்தது. ஜிம் வேண்டாம். நாளெல்லாம் மெஷினில் உட்கார்ந்த உடம்பு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீதியில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே ரத்தத்தில் ஏறும் சர்க்கரை மட்டுப்படும். போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தபடி நாம் கழிக்கும் நேரத்தில் அது ஒரு துண்டு.

அடுத்துப் பேச வரும் எதிரணி அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். நாளை காலை உங்கள் வீட்டில் அடுப்பு பற்ற வைக்கப்போவது யார், அப்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள்? முதலில் அதை இந்த மக்களிடம் சொல்லிவிட்டு, அப்புறம் நேரமில்லை என்று பேசத் தொடங்குங்கள். நடுவர் அவர்கள் அந்தப் பதிலையும் குறித்துக்கொள்ள வேண்டும். நன்றி, வணக்கம்.