அடுக்குமாடி வீட்ல பொங்கல்: குக்கர்ல வைக்கலாமா?

ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "ஊர்ல மாமியார் வாசல்ல கோலம் போட்டு விறகடுப்புல பொங்கல் வைப்பாங்க. நாங்க ஆறாவது மாடி, கேஸ் அடுப்புதான். குக்கர்ல வச்சுப் படைச்சா அது பொங்கலாகுமா? போன வருஷம் மண்பானை விரிசல் விட்டுச்சு, அபசகுனமா?"

பானை விரிஞ்சது அபசகுனம் இல்லம்மா. புதுப் பானையை ஊற வைக்காம ஏத்தியிருப்பீங்க. கேஸ் தீ அடியில ஒரே இடத்துல குவியும், அங்கதான் விரிசல் விடும். முதல் நாள் ராத்திரி முழுக்கத் தண்ணியில போட்டு வைங்க. மறுநாள் தண்ணி ஊத்தின பிறகுதான் பத்த வைக்கணும், முதல் பத்து நிமிஷம் சிம்ல. சூடான பானையில பச்சைத் தண்ணி ஊத்தவே கூடாது.

குக்கர்ல சர்க்கரைப் பொங்கல் கிடைக்கும், ஆனா பொங்குறது கிடைக்காது. தை 1 அன்னிக்கு சூரியனுக்கு நன்றி சொல்றோம். புது அரிசி வீட்டுக்கு வந்தாச்சு, நிறைஞ்சு வழியுதுங்கறதுதான் அந்தச் சடங்கு. வீடே அடுப்பச் சுத்தி நின்னு, வழியுற நேரம் "பொங்கலோ பொங்கல்"னு கத்துற சந்தோஷத்த விசில் தராது. அதனால பொங்குறத மட்டும் பானையில வச்சுக்கோங்க. வேகுறதுக்குக் குக்கர்னா எனக்கு ஆட்சேபம் இல்ல.

"எங்க வீட்ல பொங்கவே மாட்டேங்குது"ன்னும் நிறைய பேர் சொல்றாங்க. வாய் அகலமான பாத்திரம், சின்ன தீ, நடுவுல கரண்டி விடுறது, இந்த மூணுல ஒண்ணாத்தான் இருக்கும். பால் சூடானா மேல ஆடை படியும், அடியில வர்ற ஆவி அதத் தூக்கும், கழுத்து குறுகலா இருந்தா நுரை சட்டுனு ஏறும். ரெண்டு லிட்டர் பானைக்கு கால் லிட்டர் பால், அரிசி களைஞ்ச ரெண்டாவது தண்ணி ஒண்ணேகால் லிட்டர். அந்தக் கஞ்சித்தன்மை நுரைய நிக்க வைக்கும். பித்தளைப் பானைன்னா உள்ள வெள்ளீயம் பூசியிருக்கணும். மஞ்சள் கொத்தக் கழுத்துல இறுக்கிக் கட்டி, தொங்குற இலைய நறுக்கிடுங்க, இல்லன்னா தீயில கருகும்.

நுரை கழுத்துக்கு வந்ததும் சிம்ல வைங்க. ஒரு கை அளவு வழிஞ்சா போதும். அதிகமா வழிஞ்சா பர்னர் அணைஞ்சிடும், கேஸ் மட்டும் வந்துகிட்டே இருக்கும். உடனே குமிழை மூடி, ஜன்னலத் திறந்து, வாடை போன பிறகு பத்த வைங்க. கிழக்குப் பக்கம் வழியணும்னு பானைய லேசா சாய்க்கிறவங்களும் உண்டு. சூரியன் கோவிச்சுக்க மாட்டார்! இண்டக்‌ஷன் அடுப்புல மண்பானையும் பித்தளையும் சூடாகாது. காந்தம் ஒட்டுற எவர்சில்வர் பாத்திரம் வேணும்.

பொங்கினதும் ரெண்டு டம்ளர் தண்ணிய மொண்டு தனியா வைங்க. அப்புறம் 200 கிராம் பச்சரிசி, 50 கிராம் வறுத்த பாசிப்பருப்பு போடுங்க. கெட்டியாக ஆக அந்தத் தண்ணியச் சூடாவே சேர்க்கலாம். குக்கருக்கு மாத்துறதா இருந்தா உள்பாத்திரத்துல வைங்க. நேரா ஊத்தினா பால் நுரை விசில் வழியா பீய்ச்சும்.

அரிசி விரல்ல மசிஞ்ச பிறகுதான் வெல்லம். முன்னாடியே போட்டா அரிசி அதுக்கு மேல வேகாது, எவ்வளவு நேரம் கிண்டினாலும் விதை விதையா நிக்கும். 300 கிராம் வெல்லத்த அரை டம்ளர் தண்ணியில கரைச்சு, மண் போக வடிகட்டி ஊத்தி, சிம்ல அஞ்சாறு நிமிஷம் கிளறுங்க. சில வெல்லத்துல பால் திரியும். அதனால ஊத்துறப்ப கொதி அடங்கியிருக்கணும். நெய்யில வறுத்த முந்திரி, திராட்சை, ஏலக்காய் கடைசியா.

படையல் அடுப்படியிலயே இருக்கணும்னு இல்ல. பானைய வெயில் விழுற பால்கனிக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டு போய், கோலம் போட்ட மணையில வச்சு, கரும்பு, மஞ்சள், வாழை இலையோட சூரியனுக்குக் காட்டுங்க. இலையில கொஞ்சம் எடுத்து காக்காய்க்கு வச்சிட்டு அப்புறம் நீங்க சாப்பிடலாம்.